நான்கு மருத்துவர்களும் ஒரே மருந்துப் பட்டியலும்

சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயல்பாட்டில் சரிவு, மூட்டுவலி ஆகிய நான்கும் என் அம்மாவுக்கு ஒருசேர இருந்தன. அவற்றுக்குச் சிகிச்சை அளித்த நால்வரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய திறமையிலோ அக்கறையிலோ எனக்கு இன்றும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதற்கு எந்த வழியும் இல்லை. அந்த வழியை எப்படி உண்டாக்கினோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை எழுதப்பட்டபோது அம்மா ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும், கால் வீக்கத்துக்கு ஃப்யூரோசமைடு என்னும் நீர் மாத்திரையும் எடுத்துவந்தார். இந்த மூன்றும் ஓர் உடலில் சேரும்போது சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. டெல்மிசார்டான் அங்கே வடிகட்டலுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடலில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. போதாக்குறைக்கு, வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைப்பதால் பலவீனமான இதயத்துக்கும் அது ஆகாது. கால்கள் வீங்கி, மூச்சு வாங்கி, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் ஏறிய நிலையில் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்புதான் யாரிடமும் இல்லை.

வீடு திரும்பிய அன்று மேசையின் மேல் மாத்திரை அட்டைகளைப் பரப்பி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு வெவ்வேறு நிறுவனப் பெயர்கள் கொண்ட அட்டைகளின் பின்புறம், பொடி எழுத்தில், ஒரே டெல்மிசார்டான் இருந்தது. ஒன்று பழைய சீட்டில் வாங்கியது, மற்றது மருத்துவமனையில் எழுதித் தந்தது. சம்மரியில் புதிய மருந்துகளின் பெயர்கள் தெளிவாக இருந்தனவே தவிர, பழையவற்றில் எவை நிறுத்தப்பட்டன, ஏன் நிறுத்தப்பட்டன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய உலகளாவிய இயக்கம், ஆபத்து மிகுந்த சூழல்கள், பல மருந்துகளை ஒருசேர எடுத்தல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சிகிச்சை மாறும் தருணம் ஆகிய மூன்றுக்கும் முன்னுரிமை தந்தது. அம்மா அந்த மூன்றிலும் ஒரே நேரத்தில் இருந்தார்.

பிறகு வந்தது நீர் மாத்திரைச் சிக்கல். வீக்கத்தைப் பார்த்த இதய மருத்துவர் அளவைக் கூட்டினார்; கிரியாட்டினினைப் பார்த்த சிறுநீரக மருத்துவர் குறைத்தார்; மறுபடி வீக்கம், மறுபடி கூட்டல். இருவரும் சொன்னது சரியே. இதில் யாருடைய சொல்லைக் கேட்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் மருத்துவம் படிக்காத நானும் நோயாளியான அம்மாவும் நின்றதுதான் சரியில்லை.

1978-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாட்டில், ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை மருத்துவச் சேவையின் அடித்தளமாக அறிவித்தார்கள். அதன் பிறகு இந்தத் துறையை ஆழமாக ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு, நல்ல ஆரம்பநிலை மருத்துவத்துக்கு முதல் தொடர்பு, தொடர்ச்சி, முழுமை, ஒருங்கிணைப்பு என்று நான்கு இலக்கணங்கள் வகுத்தார். முதல் மூன்றும் எங்களுக்கு ஓரளவு கிடைத்திருந்தன. நான்காவதற்கு என்ன செய்வது என்று தேடியபோது அமெரிக்க ஆய்வாளர் வால்ட்டர் லூட்ஸ் 1999-இல் எழுதிய கட்டுரையின் கருத்து கைகொடுத்தது. வெவ்வேறு சிகிச்சைச் சேவைகளை இணைப்பதில் தொடர்பு, ஒருங்கிணைப்பு, முழு இணைப்பு என மூன்று நிலைகள் உண்டு என்றும், எல்லா நோயாளிகளுக்கும் முழு இணைப்பு தேவையில்லை என்றும் அவர் சொல்கிறார். எல்லாத் துறைகளும் ஒரே கூரையின்கீழ் உள்ள நிறுவனத்தைத் தேடி அம்மாவை மாற்றுவதா என்று குழம்பிக்கொண்டிருந்த எனக்கு, இருக்கும் மருத்துவர்களையே வைத்துக்கொண்டு இரண்டாம் நிலையை எட்டினால் போதும் என்ற தெளிவு அப்போதுதான் வந்தது.

நீண்ட காலமாக அம்மாவை அறிந்த குடும்ப மருத்துவரிடம் சென்று, "முழுப் பட்டியலும் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஐயா" என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் எந்த மருத்துவர் எதை மாற்றினாலும் அன்றே தமக்குத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மருந்தாளுநர் ஒருவர் உட்கார்ந்து பட்டியலைத் தயாரித்தார். மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எதற்காக, யார் தொடங்கியது என்ற பத்திகளுடன், நிறுத்தப்பட்டவற்றுக்குத் தனிப் பகுதியும் அதில் காரணமும் இருந்தன. அந்தத் தனிப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். டைக்ளோஃபெனாக் அதில் முதல் வரியாக இடம்பெற்றது.

சிறப்பு மருத்துவர்களில் ஒருவர் தயங்கினார். தம் துறை மருந்தை வேறொருவர் தொடக்கூடாது என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆபத்து தெரிந்தால் எந்த மருந்தையும் யாரும் நிறுத்திவைக்கலாம், ஆனால் மாற்று மருந்தை அந்தத் துறை மருத்துவரே முடிவு செய்வார் என்ற ஏற்பாட்டைக் குடும்ப மருத்துவர் தொலைபேசியில் பேசி முடித்தார். நீர் மாத்திரைக்கு இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து ஓர் இலக்கு எடையைக் குறித்தார்கள். அம்மா தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் செவிலியரை அழைக்க வேண்டும். அதன் பிறகு கூட்டுவதும் குறைப்பதும் ஒரே எண்ணைப் பார்த்து நடந்தன. இதயச் செயலிழப்புக்கான ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையைத் தொடங்கியபோது, டெல்மிசார்டானோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் முன்கூட்டியே பட்டியலில் எழுதப்பட்டன.

தீராத தடைகளும் உண்டு. பரிசோதனைக் கூடத்தின் கணினியும் மருத்துவமனையின் கணினியும் ஒன்றோடொன்று பேசாததால் ரிப்போர்ட்டை இன்னமும் நானே சுமக்கிறேன். நோயாளியை நேரில் பார்த்தால்தான் கட்டணம் என்ற முறையில், இரு மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரத்துக்கு ஊதியமே கிடையாது. அமெரிக்காவின் கெய்சர் பர்மனென்டே போல காப்பீடு, மருத்துவமனை, மருத்துவர் மூன்றும் ஒரே அமைப்பாக இருந்தால் அந்த நேரமும் வேலையாகவே கணக்கில் வரும். மற்ற இடங்களில் அது மருத்துவரின் நல்ல மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. இந்த நிலை மாற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அண்மையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணின் அழுத்தம் சற்று ஏறியதால் அசிட்டசோலமைடு மாத்திரை எழுதப்போன கண் மருத்துவர், பட்டியலில் சிறுநீரக நிலையைப் படித்துவிட்டுப் பேனாவை நிறுத்தி, அங்கிருந்தபடியே குடும்ப மருத்துவரை அழைத்தார். இருவரும் பேசி மாத்திரைக்குப் பதிலாக இதயத்துக்கும் பாதகமில்லாத ஒரு சொட்டு மருந்தைத் தேர்ந்தார்கள். அன்று மாலையே அது பட்டியலில் ஏறி, திருத்திய படி மற்ற மருத்துவர்களுக்கும் சென்றது.