சின்னம்மாவின் கயிறு

"தம்பி, உந்தக் கயிறை எறிஞ்சு போடாதை."

மாங்குளம், விடிய ஆறு மணி, சின்னம்மாவின் கிணற்றடி. ஆரும் தண்ணி அள்ள முதல் அளக்கவேணும். அள்ளினால் மட்டம் இறங்கி, கணக்குப் பிழைக்கும். அளவுநாடா நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்கினேன். கட்டு விளிம்பிலிருந்து 7.4 மீற்றர். போன கிழமை 7.2.

அப்போதுதான் வாளிக் கயிறைக் கவனித்தேன். அடியில் பழைய தும்புக் கயிறு. அதோடு முடிச்சுப் போட்ட நீல நைலோன். அதற்கும் மேலே இன்னும் அழுக்குப் படாத மஞ்சள்.

"நீலம், அவங்கள் கிரவல் வெட்டத் தொடங்கின வருசம். மஞ்சள், இந்த ஆடி."

நான் கொப்பியில் எழுதத் தொடங்கி ரெண்டு மாசம்தான். சின்னம்மாவின் பதிவு அதைவிட நீளம்.

கிரவல் மண் வெட்டின பள்ளக் கிடங்கில் இப்ப பச்சையாய்த் தண்ணி நிக்குது. பிள்ளைகள் அதைக் குளம் என்கிறார்கள். அது குளமில்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் சுற்றியுள்ள நீர் கசிந்து அங்கே சேரும், வெயிலில் ஆவியாகும். எங்கள் கிணறுகளின் தண்ணிதான் அங்கே காயுது என்பது என் பயம்.

வெறும் பயத்தோடு போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆடி, ஆவணியில் வன்னியில் எல்லாக் கிணறும் இறங்கும். அதனால்தான் மூன்று கிலோமீற்றர் தள்ளி இன்னொரு கிணறும் அளக்கிறேன். இரண்டும் ஒன்றாய் இறங்கினால் கோடை. இது மட்டும் விரைவாய் இறங்கினால் கிடங்கைத்தான் கேட்கவேணும்.

ஐப்பசி மழைக்கு முன் இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் அளக்க இருக்கு.

கயிறைச் சுருட்டி, இருந்த ஆணியிலேயே கொழுவிவிட்டு வந்தேன்.