நியூஸ் டெஸ்க்ல இருந்து ஏலக்காய் ஷூட் வரைக்கும்

கம்பம், கூடலூர் பக்கம் காலேஜ் முடிச்ச பிள்ளைக நெறைய பேரு கேக்குறாங்க, அக்கா டிவில ப்ரொட்யூசரா வரணும்னா என்ன படிக்கணும்னு. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிச்சா நல்லது, படிக்காமலும் நல்லா வந்தவங்க இருக்காங்க. அதவிட முக்கியம், கேரள எல்லைல பொறந்த நம்மகிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அது சென்னைல எந்த இன்ஸ்டிடியூட்லயும் கெடைக்காது.

2011 டிசம்பர்ல முல்லைப்பெரியாறு அணை பிரச்சினைல குமுளி ரோடு அடைச்சுக் கெடந்துச்சே, அப்ப நான் ஸ்கூல். வீட்ல தமிழ் சேனலும் ஓடும், மலையாள சேனலும் ஓடும். தமிழ்ல தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயம்னு பேசுவாங்க, அந்தப்பக்கம் வண்டிப்பெரியார்ல அணை பயத்துல ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கோம்னு ஒரு அம்மா அழுவாங்க. ரெண்டு பேரு பேச்சும் நமக்கு அப்படியே புரியுது பாருங்க, அதுதான் நம்ம மூலதனம். எங்கம்மா, அத்தை எல்லாம் ஜீப்ல கம்பம்மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போனவங்க, அதனால எனக்கு அந்தப்பக்கம் வேத்தூரா தெரிஞ்சதே இல்ல.

நியூஸ்ல ப்ரொட்யூசர்னா புல்லட்டின் மொத்தமும் நம்ம தலையில. எது ஹெட்லைன், எதுக்கு பைட் (ஆளுங்க பேசுன துண்டு) இருக்கு, எதுக்கு வெறும் விஷுவல், ரிப்போர்ட்டர் லைவ் எத்தன நிமிஷம்னு எல்லாம் ரன்டவுன்ல, அதாவது எதுக்குப் பின்னாடி எதுங்குற வரிசைப் பட்டியல்ல போட்டு வச்சிட்டு, பிசிஆர்னு சொல்ற கன்ட்ரோல் ரூம்ல உக்காந்தா, அஞ்சாவது நிமிஷம் பிரேக்கிங் வந்து பாதி தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஆங்கர் காதுல நம்ம குரல்தான் கேக்கும், அதுல பதட்டம் இருந்தா அவங்க மொகத்துல அப்படியே தெரியும். "ஃபோனோ (ஃபோன்ல பேசுற ஆளு) ரெடியாகுது, இன்னும் பத்து செகண்ட் பேசுங்க"ன்னு சாதாரணமா சொல்லப் பழகணும்.

அப்புறம் நம்பர். மழைக்காலத்துல டிக்கர்ல, அதான் ஸ்க்ரீனுக்குக் கீழ ஓடுற வரில, முல்லைப்பெரியாறு 142 அடி, இடுக்கி 2403 அடின்னு பக்கத்துப் பக்கத்துல போட்டுருவாங்க. முல்லைப்பெரியாறுல சொல்றது அணையோட தண்ணி ஒசரம், 2014ல சுப்ரீம் கோர்ட் தேக்கலாம்னு சொன்ன அளவு. இடுக்கில சொல்றது கடல் மட்டத்துல இருந்து கணக்கு. வெளக்காம போட்டா ஒண்ணு மலை மாதிரியும் இன்னொண்ணு குட்டை மாதிரியும் தெரியும், அணைக்குக் கீழ இருக்குற ஜனங்களும் பாத்துட்டுத்தான இருக்காங்க. இந்த மாதிரி எடத்துல ஒரு வரி சேத்து எழுதுறவங்கதான் நல்ல ப்ரொட்யூசர், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

லைஃப்ஸ்டைல் பக்கம் வந்தா வேகம் வேற. அரை மணி நேர ஸ்லாட்ல விளம்பரம் போக இருபத்திச் சொச்சம் நிமிஷம்தான் நமக்கு. சமையல் ஷோன்னா ஒரே நாள்ல ரெண்டு மூணு எபிசோட் எடுப்போம், அடுப்புல ஒண்ணு வேகும்போதே முடிச்ச பதார்த்தம் இன்னொண்ணு ஓரமா ரெடியா இருக்கணும். தீபாவளி ஸ்பெஷல் எடுக்கும்போது தீபாவளிக்கு இன்னும் பல நாள் இருக்கும்.

சிலர் இத லேசான வேலன்னு நெனைக்கிறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஏலக்காய் பத்தி ஒரு எபிசோட் எடுத்தோம், முதலாளிகிட்ட மலையாளத்துல பேசி பெர்மிஷன் வாங்கி, காய் ரகம் பிரிக்கிற எடத்துல கேமரா வச்சோம். ஒரு அக்கா கீழ பாக்கவே இல்ல, பக்கத்துல இருக்கவங்ககிட்ட மக கல்யாணப் பேச்சு பேசிட்டே வெரலாலயே 8 எம்எம் காய ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம்னு தள்ளிட்டே இருக்காங்க. கேள்வி கேக்க வேணாம்னு ஆங்கருக்கு சைகை காட்டிட்டு கேமராமேன கைய மட்டும் எடுக்கச் சொன்னேன். மைக்ல முறத்துல காய் உருளுற சத்தம் அவ்ளோ சுத்தமா விழுந்துச்சு, எடிட்ல அதுக்கு மேல மியூசிக் போட விடல நான். டிஆர்பி வியாழக்கிழமை வரும், அது வரட்டும், எனக்கு அந்த ஷாட் அன்னைக்கே போதும்.

ஆரம்பத்துல சம்பளம் கம்மிதான், நைட் ஷிப்ட் உண்டு, பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது, வீட்ல சொல்லிட்டு வாங்க. லைஃப்ஸ்டைல்தான் ஆசைன்னாலும் மொதல்ல ஒரு ரெண்டு வருஷம் நியூஸ் டெஸ்க்ல இருங்க, மலையாளம் எழுத்துக்கூட்டி படிக்கவாவது கத்துக்குங்க, குமுளி தாண்டி ஒரு சேதின்னா டெஸ்க்ல மொதல்ல உங்களத்தான் தேடுவாங்க.