பட்டியலில் 37: போலந்தில் வதிவிட அட்டை வாங்கிய அனுபவம்

2022 நவம்பர், விடிகாலை 3:40. வெளிநாட்டவர் அலுவலகத்தின் கதவு திறக்க இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வாசலில் அதற்குள் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். பெலாரஸ்காரப் பெண் ஒருத்தி கையில் பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பெயர் கேட்டாள், எழுதினாள், "முப்பத்தேழு" என்றாள். ஐந்து மணிக்கு ஒருமுறை, ஆறரைக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவாளாம். கூப்பிடும்போது இல்லாதவர் பெயரை அடித்துவிடுவாளாம். அன்றைக்குக் கொடுக்கப்போகும் டோக்கன் நாற்பதுதான் என்று வரிசையில் பேச்சு.

அந்த நோட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் அதிகாரிகள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் உக்ரைன்காரர், ஜார்ஜியாக்காரர், வியட்நாமியர், நேபாளி என்று ஒருவரையொருவர் அறியாத அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டு நின்றோம். கழிப்பறைக்குப் போகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் இடம் அப்படியே இருந்தது. போலந்தில் நான் பட்ட அலைச்சலை இப்போது நினைத்தால், அந்த நோட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஈரோட்டிலிருந்து 2021 டிசம்பரில் வேலைக்காக வந்தேன். வார்சாவிலிருந்து சில மணி நேர ரயில் தூரத்தில் ஒரு நகரம். கையில் ஒரு வருட விசா. இங்கே நம்மைப்போன்ற வெளிநாட்டவர் வந்து தங்கிய நாலு நாளுக்குள், முப்பது நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால், முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மெல்டூனெக் என்று பெயர். கட்டணம் இல்லை. அதைச் செய்தால் பெசெல் என்ற பதினோரு இலக்க எண்ணும் தானாக வந்துவிடும். டாக்டரைப் பார்ப்பதிலிருந்து வரி கட்டுவது வரை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் போட மாட்டேன் என்றார்.

நல்ல மனிதர்தான். குழாய் ஒழுகினால் அன்றைக்கே வந்து நிற்பார். ஆனால் மெல்டூனெக் என்றதும் பேச்சை மாற்றினார். பதிவு செய்துவிட்டால் வாடகைக்காரனை வெளியே அனுப்ப முடியாது என்ற பயம் இங்கே பல வீட்டுக்காரர்களுக்கு உண்டு. சட்டப்படி அது வெறும் கணக்குக்கான பதிவு, வீட்டின் மீது எந்த உரிமையும் தராது. ஆனால் கம்யூனிச ஆட்சியில் வீடு ஒதுக்குவதும், யார் எங்கே இருக்கிறார் என்று கண்காணிப்பதும் இந்தப் பதிவோடு ஒட்டியிருந்தன. சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை. வாடகை வருமானம் வரிக்கணக்கில் தெரிந்துவிடுமே என்பதும் சேர்ந்துகொள்ளும்.

அதை முடித்துக் கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நான் மரியாதையாகப் 'பானி' என்று கூப்பிடுவேன், நம் ஊர் 'அம்மா' மாதிரி. என் அரைகுறைப் போலிஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை, அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்தவர்கள். பத்து நிமிடம் உடம்பு வலி, பேரன் கல்யாணம் எல்லாம் பேசிவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். மறுநாள் வீட்டுக்காரர் பேனாவோடு வந்தார்.

இதற்குப் போலிஷில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, ஸவாத்விச். அகராதியில் 'ஒரு வேலையைச் செய்து முடித்தல்' என்று இருக்கும். பாட்டியின் தலைமுறையில் அதற்கு இன்னொரு கனம் உண்டு: கடையில் இல்லாததை, ஆள் மூலமாகக் கிடைக்கச் செய்வது. நாம் 'முடிச்சுக் கொடுத்தார்' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தெரிந்தவர்களை வைத்து நடக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஸ்னயோமோஷ்ச்சி என்று பெயர். 'ஸ்னயோமி' என்றால் தெரிந்தவர், பழக்கமானவர்.

சரி, விசா முடியும் விஷயத்துக்கு வருகிறேன். அது 2022 நவம்பர் 30-இல் முடிகிறது. அதற்குள் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் அட்டையை எல்லாரும் கார்த்தா பொபித்து என்பார்கள். விண்ணப்பத்தோடு அப்போது கேட்டவை: நிறுவனம் நிரப்பிக் கொடுக்கும் இணைப்புப் படிவம், நாலு புகைப்படம், 440 ஸ்லோட்டி (போலந்துப் பணம்) கட்டிய ரசீது, காப்பீட்டுச் சான்று. தாள்கள் இரண்டு வாரத்தில் தயார். அவற்றை அலுவலகத்தில் கொடுக்க முன்பதிவு நேரம்தான் கிடைக்கவில்லை. இணையத்தில் முன்பதிவு திறந்த சில நொடிகளில் எல்லா இடமும் போய்விடும். ஒரு மாதம் தினமும் முயன்றேன். அப்போது தபாலில் அனுப்பவும் வழி இருந்தது. ஆனால் நேரில் கொடுத்தால் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். முடிவு வரும்வரை நாம் சட்டப்படி இருக்கிறோம் என்பதற்கு அதுதான் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்த சான்று. என் நிறுவனமும் அதையே கேட்டது.

அப்போதுதான் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஒரு அண்ணன், "ஒரு ஆள் இருக்கார் தம்பி, ஸ்லாட் எடுத்துக் கொடுத்துடுவார்" என்றார். பலர் அப்படி வாங்கியிருந்தார்கள். 900 ஸ்லோட்டி கொடுத்தேன். குறித்த நாளில் போனால், அவர் தந்த எண் இயந்திரத்தில் ஏறவில்லை. அவருடைய போன் அணைந்து கிடந்தது. விசா முடிய பதினோரு நாள் பாக்கி.

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து 450 ஸ்லோட்டியை மேசையில் வைத்தார். "நான் சொல்லித்தானே கொடுத்தே. பாதி என் பொறுப்பு" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அவரும் என்னைப்போல மாதச் சம்பளக்காரர்தான், ஊரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர். ஏமாற்றியவனையும் இவரையும் ஒரே வலை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. இந்த ஏற்பாடுகளை மொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல என்னால் முடியாமல் இருப்பதற்கு அன்றைய சாயங்காலம்தான் காரணம்.

பட்டியல் நோட்டைப் பற்றி எனக்குச் சொன்னது ஒரு வியட்நாமிய அக்கா. எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கிறார். அரிசி, மல்லித்தழை, பச்சை மிளகாய் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். சரக்கு எடுக்க வார்சாவுக்குத் தெற்கே வூல்கா கொசோவ்ஸ்கா போவார். அங்கே வரிசை வரிசையாக ஆசிய வியாபாரிகளின் மொத்த விற்பனைக் கூடங்கள், பக்கத்திலேயே வியட்நாமியர் கட்டிய புத்தர் கோயில். "இணையத்தை விடு, ராத்திரியே போ. நோட்டு யார் கையில் இருக்கிறது என்று கேள், முதலில் பெயரைக் கொடு. பெயரைக் கொடுக்காமல் வரிசையில் நிற்காதே" என்றார். காலையில் மொழிபெயர்க்க மகனையும் அனுப்புவதாகச் சொன்னார்.

அவர் மாமா, கம்யூனிச காலத்தில் கப்பல் கட்டும் படிப்புக்காக க்தான்ஸ்க் வந்தவர். சோஷலிச நாடுகளுக்கு இடையே மாணவர்களை அனுப்பும் ஏற்பாட்டில் 1950-களிலிருந்தே வியட்நாமியர் போலந்து வந்திருக்கிறார்கள். 1989-இல் கம்யூனிச ஆட்சி போனபோது, மொழி தெரிந்த அந்தப் பழைய மாணவர்கள்தான் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குப் பாலமானார்கள். வார்சாவில் போரின் இடிபாடுகளைக் கொண்டு 1955-இல் கட்டிய பத்தாம் ஆண்டு நினைவு மைதானம் அப்போது பாழடைந்து கிடந்தது. அது ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்றாக மாறியது. ரஷ்யர், உக்ரைனியர், வியட்நாமியர், ஆப்பிரிக்கர் என்று எல்லாரும் அங்கே கடை போட்டார்கள். 2012 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக அந்த இடத்தில் புது மைதானம் வந்தது. வியாபாரிகள் வூல்காவுக்கும் வார்சாவின் மரிவில்ஸ்கா தெருவுக்கும் நகர்ந்தார்கள்.

வங்கிக்கடன் கிடைக்காத காலத்தில் கடை வைக்க முதல் எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்ன விவரத்தைக் கேட்டதும், "இது எங்க ஊர் சீட்டு!" என்று கத்திவிட்டேன். மாதாமாதம் எல்லாரும் பணம் போட்டு ஒருவர் எடுப்பது. அவர்கள் அதை 'ஹோ' என்கிறார்கள். தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்றேன். ஊரில் அவன் அம்மா இருக்கிறாளே என்றார். 2024 மே 12-இல் மரிவில்ஸ்கா சந்தை எரிந்து சுமார் 1400 கடைகள் போயின. கடையிலேயே ரொக்கத்தையும் ஆவணங்களையும் வைத்திருந்த பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அக்காவின் தம்பியும் அதில் ஒருவர். அந்த மாதச் சீட்டை எடுக்கவேண்டியவர், முறையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாராம்.

பட்டியலுக்குப் போகப்போகிறேன் என்று பாட்டியிடம் சொன்னபோது, "இன்னுமா?" என்று கையைத் தட்டிக்கொண்டார். அவர் காலத்தில் அதற்கு லிஸ்தா கொலெய்கோவா, வரிசைப் பட்டியல் என்று பெயர். இறைச்சிக்கு 1981-லிருந்து 1989 வரை ரேஷன் சீட்டு. சலவை இயந்திரம், மேசை நாற்காலி வாங்க நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பட்டியல் ஓடும். பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதிலாக ஓய்வுபெற்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு நிற்பார்களாம். பாட்டி பரணிலிருந்து ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்துத் தந்தார். அவருடைய கணவர் வரிசையில் உட்கார்ந்த ஸ்டூல். 37-ஆம் ஆளாக நான் உட்கார்ந்திருந்தது அதில்தான்.

ஸ்டெஃபான் நோவாக் என்ற போலந்து சமூகவியலாளர் 1979-இல் எழுதியதைப் பிற்பாடு படித்தேன். மக்கள் தங்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு அப்புறம் தேசத்தோடு. நடுவில் ஒன்றும் இல்லை, வெற்றிடம் என்றார் அவர். இன்றைக்கும் இங்கே கருத்துக்கணிப்பில் 'பெரும்பாலானவர்களை நம்பலாமா' என்று கேட்டால், நம்பலாம் என்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். பாட்டியும் யாரையும் நம்பாதே என்றுதான் எனக்குப் புத்தி சொல்வார். அதே பாட்டி 2022 மார்ச்சில், உக்ரைனிலிருந்து வந்த ஒரு தாயையும் குழந்தையையும் ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவந்து ஐந்து மாதம் தன் அறையில் வைத்திருந்தார். தான் கூடத்து சோபாவில் படுத்தார். நோவாக்கின் வெற்றிடம் உண்மைதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு முகம் எதிரே வந்து நின்றுவிட்டால் அங்கே என்ன நடக்கும் என்பதைக் கருத்துக்கணிப்பில் பார்க்க முடியாது.

காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தது. பெலாரஸ் பெண் நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க உள்ளே போனோம். முன்னால் நுழையப் பார்த்த ஒருவனை உக்ரைன்காரர்கள் இரண்டு பேர் சத்தமில்லாமல் தோளைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். கவுன்டரில் அக்காவின் மகன் பேசினான். விரல் ரேகை எடுத்தார்கள், முத்திரை குத்தினார்கள். இருபது நிமிடம்தான்.

அப்புறம் பதினோரு மாதம் காத்திருந்தேன். உக்ரைன் போர் தொடங்கிய பின் வந்த சட்டத்தில் அலுவலகங்களுக்கான காலக்கெடுவை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த முத்திரை போலந்தில் இருக்க மட்டும்தான் உதவியது. அதை வைத்து, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளில் வேறு எதற்கும் போக முடியாது. ஊருக்குப் போனால் திரும்பி வரப் புது விசா வேண்டும். 2023 ஆவணியில் தங்கை கல்யாணம். போனை நிமிர்த்தி வைத்து, வேட்டி கட்டிக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அட்டை அக்டோபரில் வந்தது.

போகப்போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். ஸ்லாட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். விசா முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். கட்டடத்தில் வயதானவர்கள் இருந்தால் வணக்கம் சொல்லிப் பழகுங்கள், மொழி வராவிட்டாலும் பரவாயில்லை.

போன வருடம் சேலத்துப் பையன் ஒருவன் வந்தான். அவன் பார்த்துவைத்த அறை கைவிட்டுப் போனது. என் வீட்டின் இன்னொரு அறையில் தங்க வீட்டுக்காரர் சம்மதித்தார், ஆனால் மெல்டூனெக் படிவத்தில் நீயே கையெழுத்துப் போட்டுக்கொள் என்றார். ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால் அது செல்லும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவன் யார், நாளைக்கு ஏதாவது செய்துவிட்டால் என் பெயர்தானே தாளில் இருக்கும் என்று புரண்டுகொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் பயம் அப்படியே என்னிடம் வந்திருந்தது. காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகம் போனேன்.

கவுன்டரில் இருந்த அம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்தார். "சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"ஸ்னயோமி" என்றேன். கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினார்.