கவுன்ட்டரிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு

ஐந்தாண்டு வகுப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்ட பார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பை முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துகொண்ட பிறகு, டெல்டா மாவட்டம் ஒன்றின் தனியார் மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த வேலை, சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதுதான். ஓராண்டு கழித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மருந்தாளுநர் ஒருவர் வேண்டுமென்று கேட்டார்கள். இரவுப் பணிக்கு வேறு எவரும் முன்வராததால் நான் போனேன். ஆர்வத்தால் போனதாகச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

அங்கே முதலில் கற்றது கணக்கு. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தைக் குடித்து வருபவருக்கு அட்ரோபின் என்ற முறிமருந்தை 1.8 மில்லிகிராமில் தொடங்கினால், நெஞ்சில் சேர்ந்த நீர் வற்றும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குப்பியான ஓர் ஆம்பூலில் இருப்பதோ 0.6 மில்லிகிராம். மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல்கள் உடைபடும். டிராலியில் அன்று இருந்தவை இருபது. மீதிக்கு நான் மாடிப்படியில் ஓடினேன்.

இரண்டாவது மாதம் கண்ணாடி விரியன் கடித்த சிறுவன் ஒருவன் வந்தான். பாம்பு செலுத்தும் நஞ்சு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை என்பதால், நஞ்சுமுறி மருந்தும் சிறுவருக்குப் பெரியவருக்கு உள்ள அதே அளவுதான். தூளாக வரும் அம்மருந்தின் பத்துக் குப்பிகளிலும் தலா 10 மில்லி ஊசிநீர் விட்டு, நுரைக்காதபடி குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரத்தில் நான் கையில் எடுத்தது ஊசிநீர் அன்று. அதே தட்டில், அதே அளவில், அதேபோல் நிறமற்றிருந்த பொட்டாசியம் குளோரைடு. நேராக நரம்பில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. "தம்பி, லேபிளைப் படிச்சிட்டு உடைங்க," என்று மூத்த செவிலியர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த ஆம்பூல்களைப் பூட்டிய அலமாரிக்கு மாற்றக் கேட்டபோது, பொட்டாசியம் குறைந்து வரும் நோயாளிக்குத் தாமதமாகுமே என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. எனவே சாவியைப் பணியிலிருக்கும் மருந்தாளுநரே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கரைசலில் கலந்து, பெயரெழுதிய பாட்டிலாகவே கொடுப்பது என்று முடிவாயிற்று. அன்று முதல் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. பணி மாறும்போது அட்ரோபின் ஆம்பூல்கள் நூறு இருக்கின்றனவா என்று எண்ணிக் கையெழுத்திட்டுத்தான் அதை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறேன்.