சுண்ணாம்பு மண்ணில் தேயிலை: கோப்பாய் வளவில் மூன்று மாரிகள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், எங்கள் வளவில், முருங்கை மரத்தின் அரைநிழலில், நீலப் பரல்களில் (பீப்பாய்களில்) தேயிலைச் செடிகள் நிற்கின்றன. இந்த மாரியில்தான் முதல்தடவையாகக் கொழுந்து எடுத்துத் தேத்தண்ணி போட்டோம். வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உந்த வெய்யிலுக்குத் தேயிலை நிக்குமோ?"

நிற்கும். காலி, மாத்தறைப் பக்கம் கடலுக்குக் கிட்டவே தேயிலை விளைகிறது. இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் அந்தத் தாழ்நாட்டுத் தோட்டங்களில் இருந்துதான் வருகிறது. அங்கே மலைக்குளிரும் இல்லை, மூடுபனியும் இல்லை. காலியின் சூட்டுக்கும் யாழ்ப்பாணத்தின் சூட்டுக்கும் சராசரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மழையிலும் மண்ணிலும். காலிக்கு ஆண்டில் 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதுவும் ஆண்டு முழுக்கப் பரவலாக. எங்களுக்கு ஏறக்குறைய 1250, அதில் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு கொட்டி முடிந்துவிடும். மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு முழம் இரண்டு முழம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் கிடந்து வருகிற தண்ணீர்.

தேயிலைக்கு ஆகாதது இந்தச் சுண்ணாம்புதான். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் மண்ணின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்கிறது. என்னிடம் இருக்கும் சின்ன மானியால் பார்த்தால் எங்கள் வளவு மண் ஏழரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. எண்ணில் பார்க்கச் சின்ன இடைவெளிதான், ஆனால் பிஎச்சில் ஒரு படி என்பது பத்து மடங்கு. நடுவாக ஐந்தை எடுத்தால் இடைவெளி இரண்டரைப் படி, அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். உங்கள் வளவில் எப்படி என்று பார்க்க மானிகூடத் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து வினாகிரி ஊற்றிப் பாருங்கள். எங்கள் செம்மண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அதற்குள் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றின்மேல் ஊற்றியதும் சுர்ரென்று நுரைத்தது. அந்தக் கல் இருக்கும்வரை மண்ணில் எவ்வளவு அமிலத்தைப் போட்டாலும் அது தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் நிலத்தை மாற்றப் பார்க்காமல் பரலுக்குப் போனேன்.

கன்று எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. மலைநாட்டு நாற்றுமேடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் வி.பி. கன்றுகள், அதாவது ஒற்றை இலையோடு வெட்டிய தண்டிலிருந்து முளைக்க வைத்தவை. விளைச்சலுக்கு அவைதான் நல்லவை. ஆனால் அவற்றுக்கு ஆணிவேர் இருக்காது. ஆறேழு மாதம் மழை காணாத இடத்துக்கு ஆணிவேர் உள்ள கன்றுதான் நல்லது என்று நினைத்து விதை தேடினேன். 1867-இல் மலைநாட்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை 19 ஏக்கரில் நட்ட காலத்துத் தேயிலை எல்லாம் விதைத் தேயிலைதான். வெட்டாமல் விட்ட பழைய விதைத் தேயிலை மரங்கள் மலைநாட்டில் இன்றும் அங்கங்கே பூத்துக் காய்க்கின்றன.

கிளிநொச்சியில் இருக்கும் என் நண்பனின் அம்மா, கல்யாணம் முடிக்கும்வரை ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். அவருடைய சொந்தக்காரர் மூலமாக ஒரு பை விதை வந்தது. போளை அளவில், மண்ணிறத்தில், கெட்டியான ஓடு. இந்த விதையை வாங்கி வைத்துவிட்டு ஆறுதலாக நடலாம் என்று இருக்கக்கூடாது. எண்ணெய்ப் பிடிப்புள்ள விதை, காய்ந்தால் முளைப்பு போய்விடும். வந்த அன்றைக்கே வாளித் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க விட்டு, அடியில் தங்கியவற்றை மட்டும் எடுத்து ஈரத் தும்புத்தூளுக்குள் வைத்தேன். மிதந்தவற்றையும் ஒரு சட்டியில் தனியாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. மூழ்கியவற்றில் ஓடு வெடித்து முதலில் தடித்த வெள்ளை வேர் இறங்கியது, தளிர் வர அதற்குப் பிறகு கனநாள் எடுத்தது.

பரலுக்குள் போட்ட கலவை இது: பாதிக்குப் பாதி ஹட்டனிலிருந்து சாக்கில் வந்த மண், மிச்சத்தில் உக்கிய இலைச்சருகும் நன்றாகக் கழுவிய தும்புத்தூளும். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் உப்பு நிற்கும். பொலபொலப்புக்காகக் கடற்கரை மணல் சேர்க்கச் சொன்னார்கள். அதில் சிப்பித் துண்டு இருக்கிறது, அதுவும் சுண்ணாம்புதான், எனவே சேர்க்கவில்லை. முந்திரிகைத் (திராட்சைத்) தோட்டக்காரர்கள் சாம்பல் நோய்க்கு அடிக்கிற கந்தகத் தூளில் கொஞ்சம் கலந்தேன். கந்தகம் போட்ட உடனே வேலை செய்யாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்ல அமிலமாக்க வேண்டும், அதற்குச் சூடும் ஈரமும் வேண்டும், மாதக் கணக்கில் எடுக்கும். எனவே நடுவதற்கு நன்றாக முன்பே கலவையைச் செய்து நனைத்து மூடி வைத்தேன். பரல்களைக் கல்லின்மேல் தூக்கி வைத்திருக்கிறேன். நிலத்தோடு வைத்தால் வேர் பரலின் அடி ஓட்டை வழியாகச் சுண்ணாம்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். இன்னொன்று: எங்கள் வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் மரத்தடியில் கொட்டுகிற பழக்கம் உண்டு. வாழைக்கும் தென்னைக்கும் அது நல்லது. தேயிலைப் பரலுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு கன்றை மட்டும் நேரே வளவு மண்ணில் நட்டேன். அதற்கும் அதே நிழல், அதே தண்ணீர். தை மாதம் வரை இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. மாசியில் நிலத்துக் கன்றின் நுனி இலைகள் வெளிறத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, நரம்புகளுக்கு இடையில் எலுமிச்சை மஞ்சள். கீழே இருந்த பழைய இலைகள் அப்படியே கரும்பச்சையாக இருந்தன. அடுத்து வந்த தளிர் அதைவிட மஞ்சள், அதற்கடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை, ஓரம் கருகிச் சுருண்டது. இது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு இருக்கும் மண்ணில் அது கரையாமல் கட்டிப்போய்க் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. பழைய இலையில் இருக்கும் இரும்பு புது இலைக்கு ஏறுவதும் இல்லை, அதனால் மஞ்சள் எப்போதும் நுனியில்தான் தொடங்கும். தழைச்சத்துக் குறைவென்றால் மறுவளமாக அடி இலை முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தால் வீணாக யூரியா போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். அந்தக் கன்று சித்திரையில் பட்டுப்போனது. பக்கத்தில் பரலில் நின்றவை அதே சித்திரை வெய்யிலில் பச்சையாக நின்றன.

அப்புறம் தண்ணீர். இங்கே தேயிலை வளர்க்க நினைப்பவர் மண்ணைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நல்ல அமில மண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தினமும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், ஊற்றுகிற ஒவ்வொரு வாளியோடும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்துதான் போகிறது. எங்கள் கேத்தில்களின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தால் அளவு விளங்கும். இரண்டொரு கோடையில் பரல் மண்ணும் வளவு மண் மாதிரி ஆகிவிடும்.

எனவே கூரைத் தண்ணீர். ஓட்டுக் கூரைக்குப் பீலி போட்டு 1000 லீற்றர் தாங்கிக்குள் விட்டேன். சீமெந்துத் தொட்டி வேண்டாம், பிளாஸ்ரிக் தாங்கியே நல்லது, புதுச் சீமெந்திலும் சுண்ணாம்பு கரையும். முதல் மழையில் கூரையின் தூசி வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். மார்கழியில் நிரம்பும் தாங்கி, சிக்கனமாகப் பாவித்தால் வைகாசி வரை வரும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். சிற்றிக் அமிலம் கலந்து கிணற்றுத் தண்ணீரைச் சரிசெய்யப் பார்த்தேன். 10 லீற்றர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி அளவில் போட்டுக் கலக்கினால் மானி ஆறுக்கு இறங்குகிறது. ஆனால் அதை முழுத் தீர்வாக எடுக்கக்கூடாது. மண்ணில் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிடும், சுண்ணாம்பு அப்படியே மிஞ்சும். ஒரு மாதம் சமாளிக்கலாம், வருடக் கணக்கில் முடியாது. நல்ல வழி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஏசியிலிருந்து வெளியே சொட்டுகிற தண்ணீர். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வடிகிற தண்ணீர் அது, சுண்ணாம்பே கிடையாது. எங்கள் புழுக்கத்துக்கு இரவில் ஒரு வாளி தாராளமாக நிரம்பும். ஆனி, ஆடி, ஆவணி முழுவதும் செடிகள் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன.

கோடையில் வெய்யிலைவிட சோழகக் காற்றுக்குத்தான் செடி வாடியது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரை வறண்டு வீசும் காற்று. இலையின் ஓரம் காகிதம் மாதிரிக் காய்ந்து மடிந்தது. தென்மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்குக் கிடுகு கட்டி மறைத்த பிறகு புதிதாக வந்த இலைகளில் அந்தக் கருகல் இல்லை. பரலின் மேற்பரப்பில் தென்னந்தும்பும் சருகும் தடிப்பாகப் போட்டு மூடினேன். முருங்கை மெல்லிய நிழல் தருவதால் வசதி, மாமரத்தின் கீழே வைத்த ஒரு பரலில் செடி நெட்டையாக வளர்ந்து கொழுந்து குறைவாகவே விட்டது. மழையில்லாத வறண்ட காலத்தில் இலையின் மேற்பக்கம் செம்பு நிறத்துக்கு மாறினால் சிவப்புச் சிலந்திப்பேன் வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைப் பீய்ச்சி இலையை மேலும் கீழும் கழுவினாலே போதும், மருந்துக்குப் போகவில்லை. பசளைக்கு அமோனியம் சல்பேற் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுகிறேன். தேயிலைக்கு அமோனியம் வடிவில்தான் தழைச்சத்து பிடிக்கும், மண்ணும் அமிலமாக நிற்கும்.

போன வருடம் அந்த அம்மா கிளிநொச்சியிலிருந்து வந்து செடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தொட்டு, அடித்தண்டை விரலால் அளந்து பார்த்தார். "வளத்தியா வளர விட்டுட்டீங்க தம்பி. தலைய வெட்டிருங்க, அப்பத்தான் பக்கத்துல விரியும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அவரே கத்தியை வாங்கி ஒரு சாண் உயரத்தில் சரித்து வெட்டினார். மழை பிடித்ததும் வெட்டிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை வெடித்தது. இப்போது அந்தச் செடிகளைக் குந்தியிருந்து பார்த்தால் மேசை விரிப்புப் போட்டதுபோல் மேலே ஒரே மட்டம்.

மார்கழி கடைசியில், இரவுகள் குளிரத் தொடங்கிய பிறகு, கொழுந்து வேகமாக வந்தது. கோடை முழுக்க ஒடுங்கிக் கிடந்த மொட்டுகள் எல்லாம் ஒரேயடியாக விரிந்தன. பறிக்க அந்தக் கிளிநொச்சி அம்மா வந்தார். நான் நகத்தால் கிள்ளப் போனேன். "நகம் படக்கூடாதுங்க, அந்த இடம் கறுத்துப்போகும். இப்பிடி" என்று பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தண்டைப் பிடித்து மேல்நோக்கி ஒடித்தார். சின்னதாக ஒரு சத்தம், கொழுந்து கையில் இருந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு. மூன்றாவது இலையைச் செடியிலேயே விட்டார். அவர் விரல் போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் கொழுந்து தொடுகிறார் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. பரல் பரலாகப் போய்க்கொண்டே இருந்தார்.

நூறு கிராம் பச்சைக் கொழுந்து காய்ந்தால் இருபது கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். எங்களுக்குக் கிடைத்ததோ இரண்டு கைப்பிடி. சுளகில் பரப்பி இரவு முழுக்க நிழலில் வாட விட்டோம். காலையில் தண்டு ஒடியாமல் வளைந்தது, அதுதான் பதம். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் சாறு பசைபோல ஒட்டியது, பச்சை மணம் போய்ப் பழ மணம் வந்தது. தொழிற்சாலையில் இந்த இடத்தில் அறையைக் குளிராக வைத்திருப்பார்கள். எங்கள் குசினியில் அது முடியாது, சூட்டில் சாறு காற்றுப் பட்டு நிறம் மாறுவது வேகமாக நடக்கும், எனவே பக்கத்திலேயே இருந்து நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பு நிறம் பரவியதும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்துக் காய வைத்தோம்.

மாமிதான் தேத்தண்ணி போட்டார். ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில், ஒரு கிளாஸ் தாங்கித் தண்ணீரில். கிணற்றுத் தண்ணீரில் போட்டது கலங்கலாக, மேலே மெல்லிய ஆடை படர்ந்து, ஆற ஆற அது வெடித்துத் துண்டு துண்டாக மிதந்தது. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் தினமும் பார்க்கிற ஆடைதான். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து படிவது அது. மழைத் தண்ணீரில் போட்டது அடி தெரியச் செம்மஞ்சளாக இருந்தது. கடையில் வாங்கும் டஸ்ற் தேயிலையின் கடுப்பு இதில் இல்லை, மெல்லிய துவர்ப்பும் கொஞ்சம் தேன் வாசனையும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். மாமி இரண்டாவது கிளாஸைக் குடித்து முடித்துவிட்டு, "இனி மழைத் தண்ணியை மரத்துக்கு மட்டும் ஊத்தாதை, குசினிக்கும் ஒரு பைப் எடுத்து விடு" என்றார்.

தாங்கியிலிருந்து குசினிக்குப் பைப் இழுத்தாயிற்று. இரண்டாவது தாங்கி இந்தப் பங்குனிக்குள் வைக்க வேண்டும். விதை மிச்சம் இல்லை, ஆனால் வெட்டாமல் உயர விட்டிருந்த ஒரு செடியில் வெள்ளைப் பூ வந்திருக்கிறது, காயாகி முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். வடக்கில் யாராவது தொடங்க நினைத்தால் முதலில் கூரைக்குப் பீலி போடுங்கள், கன்றைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.