கிளிப் கழற்றிய பிறகு: ரிடெய்னரைப் பராமரித்த அனுபவம்

22 மாதங்கள் பல்லில் இருந்த கிளிப்பைக் கழற்றிய பின், சீரான பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்க, மருத்துவர் அளவெடுத்து மேல்வரிசைக்கு அக்ரிலிக் தகடும் கம்பியும் சேர்ந்த ஹாலி ரிடெய்னரையும், கீழ்வரிசைக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரிடெய்னரையும் கொடுத்தார். பல்லைத் தாங்கும் எலும்பும் நார்களும் புதிய இடத்தில் உறுதிப்படும் வரை பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால், முதல் 6 மாதம் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர எப்போதும் அணிந்திருக்கச் சொன்னார். அணிவது எனக்குச் சிரமமாக இல்லை. சுத்தம் செய்வதில்தான் தவறினேன்.

முதல் தவறு வெந்நீர். குழந்தையின் பால் புட்டியைக் கொதிநீரில் போட்டெடுத்த பழக்கத்தில், கீழ் ரிடெய்னரை ஒரு டம்ளரில் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை அதன்மேல் ஊற்றினேன். எடுத்தபோது பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பல்லில் வைத்து அழுத்தியபோதோ, ஒரு பக்கம் பொருந்த மறுபக்கம் கடைவாய்ப் பல்லின்மேல் தூக்கிக்கொண்டு நின்றது. இந்தப் பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி, பல் அச்சின்மேல் அழுத்தித்தான் செய்கிறார்கள். மீண்டும் சூடு பட்டால் அது பிடித்த வடிவத்தை விட்டுவிடுகிறது. மறுபடியும் அளவு கொடுத்து, வேறொன்று வந்து சேர ஆன 4 நாட்களுக்குள் கீழ் முன்பல் ஒன்று லேசாக நகர்ந்திருக்க வேண்டும். புதியதைப் போட்ட முதல் இரண்டு இரவுகளும் அந்தப் பல் வலித்தது.

அடுத்தது வெண்படலம். பற்பசை போட்டு நாள்தோறும் தேய்த்தும், ரிடெய்னரின் உட்பக்கத்தில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால் வரும் இடத்தில், நகத்தால் சுரண்டினாலும் போகாத சொரசொரப்பு ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவர் என்னை நாக்கைத் தூக்கச் சொல்லி, கைக்கண்ணாடியில் அந்த இடத்தைக் காட்டினார்: நாக்கின் அடியில், முன்பற்களுக்கு நேர் பின்னால், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அருகிலேயே படிந்து காரையாக இறுகுகின்றன. எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாளி விளிம்பில் விடும் உப்புக்கறையும் அதனோடு சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பற்பசையில் இருக்கும் தேய்ப்புத் துகள்கள் பிளாஸ்டிக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்க, படலம் பிடித்துக்கொள்ள அவையே இடம் கொடுக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது வாயிலிருந்து எடுத்தவுடன், உமிழ்நீர் காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலசிவிடுகிறேன். இதற்கென வைத்திருக்கும் மென்மையான பிரஷில், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, கடைசி அலசலைக் குடிதண்ணீரில் முடிக்கிறேன். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் படலம் இளகி, பிரஷுக்கு வந்துவிடுகிறது. பிளீச்சிங் கரைசல் கம்பியை அரிக்கும் என்பதால் அதை நான் தொடுவதே இல்லை.

ஹாலி ரிடெய்னரைக் கையில் பிடிக்கும் விதமும் முக்கியம். முன்கம்பியைப் பிடித்து இழுத்தால் அது வளைந்துவிடும். இருபுறமும் கடைவாய்ப் பல்லைக் கவ்வியிருக்கும் கொக்கிகளை நகத்தால் நெம்பித்தான் கழற்ற வேண்டும். தேய்க்கும்போது உள்ளங்கையில் வைத்து இறுக்காமல், விரல்களால் தாங்கிக்கொள்கிறேன். வழுக்கி விழுந்தால் அக்ரிலிக் உடையும் என்பதால் வாஷ்பேசினில் ஒரு துண்டை விரித்துக்கொள்வது உண்டு.

காபி, டீ குடிக்கும்போதும் கழற்றிவிடுகிறேன். சூடும் கறையும் ஒருபுறமிருக்க, சர்க்கரை தகட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் தங்கினால் பல் சொத்தையாகும். கழற்றினால் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டது ஒரு கல்யாணப் பந்தியில். டிஷ்யூ தாளில் சுற்றி இலையோரம் வைத்திருந்த மேல் ரிடெய்னர், கை கழுவி வருவதற்குள் இலையோடு சேர்ந்து போய்விட்டது. பந்தி பரிமாறிய ஓர் அண்ணன் என்னோடு நின்று எச்சில் இலைகளைப் பிரித்துப் பார்த்து அதைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அன்று முதல் பெட்டி எப்போதும் என் பையிலேயே இருக்கிறது.