அம்பாசிடரின் பழைய கேசட் செட்டில் கைபேசிப் பாட்டு

எங்கள் வீட்டு அம்பாசிடர் இசுசு எஞ்சின் பொருத்திய 1800 வகையைச் சேர்ந்தது. அதன் டேஷ்போர்டில் இருக்கும் கேசட் செட்டை என் அப்பச்சி சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்தார். இடப்பக்கக் குமிழ் ஒலி அளவுக்கும், வலப்பக்கக் குமிழ் நிலையம் தேடவும், நடுவில் உள்ள வாய் கேசட்டை நுழைக்கவும் என்ற பழைய அமைப்பு அது. வானொலி இன்றும் எடுக்கிறது. ஒலிபெருக்கிப் பகுதியில் ஒரு குறையும் இல்லை. கேசட்டுகள்தாம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடந்து கிடந்து, நாடா நெளிந்து போயின. பாட்டெல்லாம் இப்போது கைபேசியில் இருப்பதால், அதை இந்தச் செட்டின் வழியாகக் கேட்பதற்கு என்னென்ன வழிகள் உண்டு, அவற்றுள் எது எப்படி அமைந்தது என்பதைச் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காரைக்குடியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒருவர், "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் போட்டுருங்க, டேஷ்போர்டைக் கொஞ்சம் அறுத்தாப் போதும்" என்றார். இன்றைய செட்டுகள் உட்கார 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட திறப்பு வேண்டும். எங்கள் வண்டியிலோ இரண்டு தண்டுகளுக்கான துளைகளும் நடுவில் ஒரு சிறு சன்னலுமே உள்ளன. அறுத்த தகட்டைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

முதலில் வாங்கியது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கைபேசியின் பாட்டை வாங்கி, 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸுக்குள் நாம் சொல்லும் எண்ணில் அது மிகச் சிறிய ஆற்றலுடன் ஒலிபரப்பும். செட்டின் வானொலி அதை ஒரு நிலையம்போல் பிடித்துக்கொள்ளும். செட்டைத் தொடவே வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெருமை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் எஃப்.எம். பட்டையில் காலியிடம் நிறைய உண்டு. கொடைக்கானல் வானொலியின் 100.5-ஐ விட்டு விலகி நின்றால் போதும். ஆனால் மதுரையையோ திருச்சியையோ நெருங்க நெருங்க, காலியாக இருந்த எண்ணில் வேறொரு நிலையம் மெல்ல ஏறிவந்து நம் பாட்டை விழுங்கிவிடுகிறது. வண்டியின் ஏரியல் வெளியே மட்கார்டில் நிற்பதும் டிரான்ஸ்மிட்டர் உள்ளே இரும்புக் கூட்டுக்குள் இருப்பதும் இதை இன்னும் மோசமாக்கும். எஃப்.எம். ஸ்டீரியோவில் 19 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி அலை போவதால், ஒலி 15 கிலோ ஹெர்ட்ஸோடு நிறுத்தப்படுகிறது. பேச்சுக்கும் பட்டிமன்றத்துக்கும் அது தாராளம். நாகசுரமும் தவிலும் சேர்ந்து வரும்போது மேலே ஏதோ துணி போர்த்தியதுபோல் இருந்தது. ஜப்பானின் உள்நாட்டுக்கென்று செய்யப்பட்ட செட்டுகளில் எஃப்.எம். பட்டை 76 முதல் 90 வரைதான் என்பதால், பழைய செட் வைத்திருப்பவர்கள் இதை வாங்குவதற்கு முன் முகப்பு எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கேசட் அடாப்டர். கேசட் வடிவக் கூட்டுக்குள் நாடாவுக்குப் பதில், செட்டுக்குள் நாடாவைப் படிக்கும் காந்த முனையைப் போன்ற ஒரு சிறு ஹெட் இருக்கும். கைபேசியிலிருந்து வரும் மின்குறி அதில் காந்தப்புலமாக மாற, செட்டின் ஹெட் அதை நாடாவிலிருந்து வந்ததாகவே எண்ணிப் படிக்கும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள், நாடா முடிந்துவிட்டது என்று செட் நினைத்துத் தானே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக. இரண்டு ஹெட்டுகளும் நேருக்கு நேர் அழுந்தி நின்றால் ஒலி வியக்கும்படி இருக்கிறது. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது சற்றே நகர்ந்தால் ஒரு பக்க ஒலி தளர்ந்துவிடுகிறது. எங்கள் செட்டில் கேசட் குறுக்காக நுழைவதால், வயர் எந்த விளிம்பிலிருந்து வெளியே வருகிறது என்பதும் முக்கியமாகிறது. விளிம்பை மாற்றி வயரை எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவையே இதற்கு ஏற்றவை.

இந்த அடாப்டரில் ஒலி கொஞ்சம் கூர்மையாக, காதைக் குத்துவதுபோல் வந்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண நாடாவில் ஏறக்குறைய 1,300 ஹெர்ட்ஸுக்கு மேல் பதிவின் வலு குறைந்துகொண்டே போகும்படி தரநிலை வகுத்திருப்பதால், அதை ஈடுகட்டும் விதமாகவே செட்டின் முன்பெருக்கி, அதாவது ஹெட்டின் மெல்லிய குறியை முதலில் பெருக்கும் பகுதி, அமைக்கப்பட்டிருக்கும். அடாப்டரிலோ அந்தக் குறைவு இல்லாததால் மேல்சுருதிகள் மிகையாகிவிடுகின்றன. செட்டில் "மெட்டல்" என்று ஒரு பொத்தான் உண்டு. குரோம், மெட்டல் நாடாக்களுக்காக அந்த எல்லையை 2,300 ஹெர்ட்ஸுக்கு அருகில் தள்ளி மேல்சுருதியைக் குறைப்பது அதன் வேலை. அதை அழுத்தியதும் குத்தல் பெருமளவு தணிந்தது. நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருக்கும் செட்டுகளில் அதை அணைத்தே வைக்க வேண்டும். டால்பி முறையில் பதியாத பாட்டை அது மங்கடிக்கும்.

எனினும் மோட்டார் ஓடும் சத்தமும் சக்கரங்களின் கடகடப்பும் மெல்லிய பாடல்களில் கேட்டுக்கொண்டே இருந்தன. ஹெட்டில் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கும்போது, கூடவே வரும் இரைச்சலும் அத்தனை மடங்கு பெருகத்தான் செய்யும். கைபேசி தருவதோ அரை வோல்ட், சில நேரம் அதற்கும் மேல். அவ்வளவு வலுவான குறியை மில்லிவோல்ட்டுக்கென்று கட்டிய வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதில் பொருளில்லை. முன்பெருக்கியைத் தாண்டி, வால்யூம் கன்ட்ரோலில் குறி நுழையும் காலிலேயே (அதன் தலைப்பில்) அதை நுழைப்பதுதான் முறை என்ற முடிவுக்கு வந்தேன்.

செட்டைத் திறக்கும் முன் ஒத்திகை பார்க்கவும் உதிரிக்காகவும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஏறக்குறைய இதே அமைப்புள்ள ஓடாத செட் ஒன்றைத் தேடி எடுத்தேன். மரத்தூண்களுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் இடையில் கிராமபோன் பெட்டிகளும் கிடக்கும் தெரு அது. கிராமபோன் இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கித் திரைப்படத்துக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் இந்த ஊர்க்காரர். அவருடைய ஸ்டூடியோவே 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. பதிவு செய்த இசை இங்கே புதிய சரக்கல்ல.

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பிறகு, குமிழ்களை உருவி, அடியில் இருக்கும் நட்டுகளைத் தளர்த்தினால் செட் பின்பக்கமாக இறங்கி வருகிறது. மேல்தகட்டைத் திறந்ததும், வெப்பத்தகட்டோடு ஒட்டி நிற்கும் எல்.ஏ. 4440 என்ற ஒலிபெருக்கி ஐ.சி. கண்ணில் பட்டது. நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லும் ஐ.சி. அது, உதிரி கிடைக்கும் என்ற தைரியத்தோடு மேலே வேலை செய்யலாம்.

வால்யூம் கன்ட்ரோலில் இரண்டு பக்கங்களுக்கும் மும்மூன்று கால்கள். எது எது என்று கண்டறிய மல்டிமீட்டர் போதும். செட்டின் உலோகக் கூட்டோடு தடையே இல்லாமல் இணைந்திருப்பது எர்த். குமிழைத் திருகும்போது எர்த்துக்கு எதிரான தடை மாறிக்கொண்டே இருப்பது நடுக்கால். திருகினாலும் பெரும்பாலும் மாறாமல் இருப்பது குறி நுழையும் தலைப்பு. அந்தத் தலைப்புக்கு வரும் பாதையை வெட்டி, அதன் இரு முனைகளையும் ஐந்து கால் கொண்ட 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வகைச் சாக்கெட்டில் பிளக் இல்லாதபோது உள்தொடுப்பு மூடியிருக்கும், வானொலியும் கேசட்டும் வழக்கம்போல் பாடும். பிளக்கைச் செருகியதும் அந்தத் தொடுப்பு விலகி, கைபேசியின் குறி மட்டும் உள்ளே போகும். பாதையை வெட்டாமல் மேலேயே பற்றவைத்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் முன்பெருக்கியின் வெளியீடும் கைபேசியின் வெளியீடும் ஒன்றையொன்று இழுத்து, இரண்டும் நலியும்.

ஒவ்வொரு பக்கத்திலும் 1 மைக்ரோஃபாரட் பிலிம் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்தேன். நேர்மின்னோட்டம் எதுவும் குறுக்கே போகாமல் தடுப்பதற்கு அது. 50 கிலோ ஓம் கன்ட்ரோலுக்கு எதிரே அதன் வெட்டெல்லை, அதாவது எதற்குக் கீழே ஒலி குறையத் தொடங்குமோ அந்த எல்லை, 3 ஹெர்ட்ஸ் அளவில் விழுவதால் தவிலின் அடிநாதத்துக்குக் குறைவில்லை. கைபேசியின் குறி கேசட் குறியைவிட வலுவாக இருந்ததால் குமிழைக் கால்வாசி திருகும் முன்பே ஒலி வண்டியை நிறைத்தது. 10 கிலோ ஓம் தொடராகவும் 4.7 கிலோ ஓம் எர்த்துக்குமாக வைத்ததில் குறி மூன்றில் ஒரு பங்காகி, குமிழ் பழைய அளவிலேயே பயன்படுகிறது.

எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒலி தெளிந்த நீராக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, கைபேசியை லைட்டர் துளைச் சார்ஜரில் போட்டதும் ஒரு "ங்ஙீ" என்ற ஓசை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறியது. இந்த ஓசையை ஆல்டர்னேட்டரின் குற்றமாகவே பலரும் கருதி, பெரிய கப்பாசிட்டர்களை வாங்கி மாட்டுகிறார்கள். சோதனை எளிது: சார்ஜரை மட்டும் உருவிப் பார்க்க வேண்டும். ஓசை நின்றுவிட்டால், கோளாறு மின்வழங்கலில் இல்லை, எர்த் வளையத்தில் இருக்கிறது. கைபேசிக்கு லைட்டர் துளை வழியாக ஓர் எர்த், பாட்டு வயரின் உறை வழியாகச் செட்டில் இன்னோர் எர்த். வண்டியின் உடல் முழுவதும் எர்த்தாகப் பயன்படுவதால், விளக்கும் ஆல்டர்னேட்டரும் திருப்பி அனுப்பும் மின்னோட்டம் அந்தத் தகட்டில் ஓடி, இரு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்த வேறுபாடு பாட்டு வயரின் உறை வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து பெருகிவிடுகிறது.

வளையத்தை வெட்டினால் தீர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று சுற்று கொண்ட சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு உள்ள "கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்" ஒன்றைப் பாட்டு வயரின் நடுவில் மாட்டியதும் ஓசை அடியோடு போயிற்று. மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் சிறியது என்பதால் அடிச்சுருதி கொஞ்சம் மெலிகிறது. அதனால் நீண்ட பயணங்களில் ஐசோலேட்டரைக் கழற்றிவிட்டு, கைபேசிக்குப் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் கொடுக்கிறேன். வண்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாத மின்வழங்கல் என்பதால் வளையமே உருவாவதில்லை.

பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போகும்போது பின்சீட்டிலிருந்து ஆத்தா தன் கைபேசியில் முருகன் பாட்டைப் போட விரும்புவார். வயர் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே சிறு புளூடூத் பலகை ஒன்றை கிளவ் பாக்ஸுக்குள் வைத்து, அதன் வெளியீட்டை அதே 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டில் செருகினேன். அதற்கு வேண்டியது 5 வோல்ட். வண்டியில் இருப்பதோ எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை. சாதாரண மாற்றியில் எர்த் வளையம் மறுபடி வந்து நிற்கும் என்று தெரிந்ததால், 5 வோல்ட்டாகக் குறைத்த பின் இரு பக்க எர்த்தையும் பிரித்துவைக்கும் பி.0505 எஸ். என்ற தனிமைப்படுத்தும் மாட்யூலைக் கடந்தே பலகைக்கு மின்சாரம் போகும்படி செய்தேன். ஒரு வாட் அளவுள்ள அந்த மாட்யூல் தரும் 200 மில்லி ஆம்பியர் இந்தப் பலகைக்குப் போதும். பேட்டரிப் பக்கம் ஓர் ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். பழைய வண்டியின் வயர்களுக்கு அருகே ஃப்யூஸ் இல்லாமல் எதையும் இணைக்கக் கூடாது. புளூடூத்தில் வரும் ஒலி வயரில் வருவதைவிடச் சற்று இறங்கியதுதான் என்பதை நானும் உணர்கிறேன். ஓடும் அம்பாசிடருக்குள் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிய எஞ்சின் விடாது.

மிச்சமிருந்தது ஒரே சிக்கல். பலகைக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது, பிளக்கை உருவிவிட்டு மத்திய அலையில் திருச்சி நிலையத்தை 936 கிலோ ஹெர்ட்ஸில் வைத்தால் கரகரப்பு கேட்டது. பலகைக்கு 5 வோல்ட் தரும் மாற்றிகள் மின்சாரத்தை விட்டுவிட்டு வேகமாக மாற்றும்போது எழும் துணை அலைகள் மத்திய அலைப் பட்டையில் வந்து விழுவதே காரணம். எஃப்.எம்.மில் இது தெரியவில்லை. பலகையின் 12 வோல்ட் வயரில் ஃப்யூஸுக்கு அடுத்தபடியாக ஒரு சிறு டாகிள் சுவிட்சை வைத்து, அதை டேஷ்போர்டின் கீழ்விளிம்பில், ஏற்கெனவே காலியாகக் கிடந்த ஒரு துளையில் பொருத்திவிட்டேன். செய்திக்காக மத்திய அலையைத் திருப்பும்போது அந்த சுவிட்சை அணைத்தால் 936 கரகரப்பில்லாமல் கேட்கிறது.